ஒப்புதல் தந்தவர்: ஜாஸ்பர்

ரெக்சன் அண்ணனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "அந்த ஆளைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். பதினான்கு வருஷம் ஒரே கம்பெனியில், ஒரே மூலையில், ஏசி நேராக மண்டையில் அடிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷர். சொந்த ஊர் மணப்பாடு. அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் படித்துவிட்டு, தச்சநல்லூரில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் ஒரு தப்பு செய்தார். அதை ஒரு கெட்டவன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

எங்கள் கம்பெனி சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை வேளை, என்ன அளவு என்பதெல்லாம் அதில் வரும். நாற்பது பேர் எழுதுவது எல்லாம் ஒரே சர்வரில் இருக்கிறது. யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது அதில் அழியாமல் நிற்கும். ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் தொட்டுவிட முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழு உண்டு. குழுவில் சிலருக்குப் பார்க்க மட்டும் அனுமதி, சிலருக்கு எழுத அனுமதி, ஒன்றிரண்டு பேருக்குத்தான் ஒப்புதல் தரும் அதிகாரம். அந்த ஒப்புதல் இல்லாமல் ஒரு புள்ளிகூட ஆஸ்பத்திரிக்குப் போகாது. எந்தக் குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை எடுப்பது என்பதுதான் ரெக்சன் அண்ணனின் வேலை.

சேர்ப்பதில் அவரிடம் குறை சொல்ல முடியாது. எடுக்கத்தான் கை வராது. வேலையை விட்டுவிட்டு மஸ்கட்டுக்குப் போனவர், கல்யாணமாகி ஓசூருக்குப் போனவள், சண்டை போட்டுக்கொண்டு போனவன் என்று எல்லாருடைய பெயரும் அப்படியே இருக்கும்.

"அண்ணே, இது சர்வரா, கல்யாணப் பத்திரிகையா?" என்று ஒரு நாள் கேலி பண்ணினேன்.

அவர் சிரிக்கவில்லை. அவருடைய தங்கை கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா மகன் ஒருவரின் பெயர் விட்டுப்போயிற்றாம். அச்சடித்துக் கொண்டுவந்த பிறகுதான் கவனித்திருக்கிறார்கள். அந்தக் குடும்பம் பதினொரு வருஷம் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா இறந்தபோதும் மாதா கோயில் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

"பேரை வெட்டுதது லேசு, ஃபெமினா. வெட்டுன பெறகு அந்த மூஞ்சியில முழிக்கணும்லா" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் இது புரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். எனக்கும் புரிந்தது. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

மருந்து அளவுப் பகுதிக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் ஜாஸ்பர். பாளையங்கோட்டைக்காரர், கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவார், ஆபீஸிலும் அதே தொண்டைதான். ரெக்சன் அண்ணனும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "ஏலே மணப்பாடு" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பகுதி முழுவதையும் ஜாஸ்பர்தான் எழுதினார். நோயாளியின் எடையைப் பதியாமல் விட்டால் மருந்து அளவே திரையில் வரக் கூடாது என்று ஒரு வரி வைத்திருந்தார். நர்ஸுகள் அந்த வரியைத் திட்டாத நாள் கிடையாது. அவசரத்தில் எடை பார்க்க நேரம் எங்கே என்பார்கள். ஜாஸ்பர் கடைசி வரை அதை எடுக்கவில்லை.

போன வருஷம் அவருக்கு ஈரல் கெட்டுப்போயிற்று. குடிக்கிற ஆள் இல்லை, என்னவோ வந்தது. வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் வாரம் பார்க்கப் போன ரெக்சன் அண்ணனிடம் ஜாஸ்பர் கேட்ட முதல் கேள்வி, "என் பேரை எடுத்துட்டியாலே?" என்பதுதான்.

"எதுக்கு எடுக்கணும்? நீ வருத வரைக்கும் உன் பேரு அங்கனயேதான் இருக்கும்" என்றாராம் இவர்.

சொல்லிவிட்டார். ஆனால் வேலை நிற்காதே. அந்தக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கலாம். ஜாஸ்பருக்கு அடுத்து அந்தப் பகுதியைக் கொஞ்சமாவது அறிந்தவள் நான்தான். ஆனால் ஒருவரைச் சேர்த்த உடனே குழுவில் இருக்கும் எல்லாருக்கும் சர்வர் தானாகவே ஒரு மெயில் அனுப்பும். படுக்கையில் கிடக்கும் மனுஷனின் போனில், 'ஃபெமினாவுக்கு ஒப்புதல் அதிகாரம் தரப்பட்டது' என்று வந்தால் அவர் என்ன நினைப்பார்? தனக்கு ஆள் பார்த்துவிட்டார்கள் என்றுதானே நினைப்பார். அதனால் ரெக்சன் அண்ணன் வேறு வழி கண்டுபிடித்தார். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். ஜாஸ்பருக்குக் கண் மங்கிவிட்டது, விரல் நடுங்கும். இவர் வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டே கிடப்பார். "சரி, போடு" என்றால் இவர் போடுவார். சர்வர் நிர்வாகிக்கு யாருடைய பெயரிலும் உள்ளே போகிற வசதி உண்டு. வெளியே எல்லார் கண்ணுக்கும் 'ஒப்புதல் தந்தவர்: ஜாஸ்பர்' என்று மட்டும் தெரியும். ஜாஸ்பர் பெயரில் உள்ளே போன நிர்வாகி யார் என்பது இன்னொரு பதிவேட்டில் விழும். அந்தப் பதிவேட்டை நிர்வாகி மட்டும்தான் பார்க்க முடியும்.

ஆறு வாரம் இப்படி ஓடியது. ஒரு மாற்றத்தைக்கூட ஜாஸ்பர் கேட்காமல் விடவில்லை. சிலதைத் திருப்பியும் அனுப்பினார்.

ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. இசக்கிராஜா என்று எங்களோடு வேலை பார்க்கிறவர், திரை சீக்கிரம் திறப்பதற்காக ஒரு மாற்றம் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரிகளிலிருந்து காலையிலிருந்தே போன் மேல் போன். ஜாஸ்பருக்கு அன்றைக்குப் பேச்சே சரியாக வரவில்லை என்று அவர் மனைவி எலிசபெத் சொல்லியிருந்தார். சின்ன மாற்றம்தானே, இதற்காக அவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்று ரெக்சன் அண்ணன் நினைத்தார். பதினொன்று நாற்பதுக்கு ஜாஸ்பர் பெயரில் உள்ளே போய், கேட்காமலே போட்டுவிட்டார். அந்த ஒரே ஒரு தடவைதான்.

இசக்கிராஜாவின் மாற்றத்தில், எடை பற்றிய அந்த வரி காணாமல் போயிருந்தது. எடை பதியாத இடத்தில் பெரியவர்களின் எடையைத் தானாக எடுத்துக்கொண்டது. ஜாஸ்பர் காதில் விழுந்திருந்தால் படுக்கையிலிருந்தே கத்தியிருப்பார். நான் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேனா என்று கேட்டால், எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் என்னை உறங்கவிடுவதில்லை.

ஜாஸ்பர் அந்தச் சனிக்கிழமை இறந்துபோனார். ஆறுதல் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து அதிகமாக அழுதவர் ரெக்சன் அண்ணன்.

அடுத்த வாரம் இரண்டு ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகளே அளவைப் பார்த்து, "இதென்ன கூத்து" என்று கையால் திருத்தியிருக்கிறார்கள். மூன்றாவது ஆஸ்பத்திரியில் யாரும் திருத்தவில்லை. மேலப்பாளையத்துப் பிள்ளை, பெயர் ஸமீஹா, ஐந்து வயது, பதினாறு கிலோ. காய்ச்சலுக்குச் சேர்த்திருந்தார்கள். ஐந்து நாள் ஊசி, கிட்டத்தட்ட நாலு மடங்கு அளவு. டாக்டர் கையெழுத்துப் போட்டார், நர்ஸ் குத்தினார். காய்ச்சல் போயிற்று. காதும் போயிற்று, இரண்டு காதும். இனி வராது என்று மதுரை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுவிட்டார்கள்.

விசாரணை வந்தது. மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தவர் யார் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கேட்டது. எங்கள் முதலாளி வைத்தியலிங்கம் அண்ணாச்சி சர்வரில் இருந்த வரியை அப்படியே எடுத்து எழுதி அனுப்பினார். ஒப்புதல் தந்தவர்: ஜாஸ்பர். உடல்நிலை மிக மோசமாக இருந்தபோதும் வேலை பார்த்ததால் கவனம் தவறியிருக்கலாம் என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்.

"செத்தவனுக்கு இனி என்ன வே கெட்டுப் போவுது? இருக்கிற நாப்பது பேரைப் பாக்கணும்லா" என்று ஆபீஸ் நடுவில் நின்று சொன்னார். ரெக்சன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

இரண்டு மாசம் கழித்து எலிசபெத் ஆபீஸுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஜாஸ்பரின் போன்.

"ரெக்சன் அண்ணே, இவங்க பேரை அங்கன இருந்து எடுத்திருங்க. உங்க ஒப்புதலுக்காகக் காத்திருக்குன்னு தெனமும் மெயில் வருது. என்னால பாக்க முடியல" என்றார்.

"எடுத்திருதேன், டீச்சர்."

எலிசபெத் போகவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு அவங்கதான் அமுக்குனாங்களா?"

நான் அடுத்த மேஜையில்தான் இருந்தேன். ரெக்சன் அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே, "பதிவுல அப்படித்தான் இருக்கு" என்றார்.

எலிசபெத் தலையசைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ரெக்சன் அண்ணன் லீவு. நிர்வாகி அதிகாரத்தை எனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, ஜாஸ்பர் பெயரை நீயே எடுத்துவிடு, எனக்குக் கை வரவில்லை என்று ஒரு வரி அனுப்பியிருந்தார்.

எடுக்கத்தான் போனேன். எடுக்கும் முன் அந்த இன்னொரு பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பது. ஜாஸ்பர் பெயரில் உள்ளே போனவர்: ரெக்சன்.

என்னை யோக்கியமானவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு நாள் நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், எனக்கும் அந்தச் சம்பளம் வேண்டும். பதின்மூன்றாம் நாள் என் சின்ன மகள் வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் உள்ளேயிருந்து "என்ன" என்றேன். அது காதில் விழுந்து அவள் ஓடி வந்தாள். இவ்வளவுதான் நடந்தது. அன்று காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரெக்சன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"பதிவுல அப்படித்தான் இருக்குன்னு சொல்ல எப்படி அண்ணே வாய் வந்திச்சு? எந்தப் பதிவுல?" என்று கத்தினேன். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுதியா? தனியா போனா பாதியில திரும்பிருவேன்" என்றார். தன்னைப் பற்றி அவர் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார்.

எலிசபெத் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். ரெக்சன் அண்ணன் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கவில்லை, தனக்காக வாதாடவும் இல்லை. எலிசபெத் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு நான் மருந்து வாங்கக் கீழ போனேன். வரிசையில அரை மணி நேரம். திரும்பி வந்து பாத்தா மேஜையில இருந்த போன் கட்டில்ல கெடக்கு" என்றார் எலிசபெத். "நீங்களும் அப்ப வரல, அந்த அரை மணி நேரத்துல அவங்களே போன்ல அமுக்கியிருக்கணும்னு நெனச்சேன். நான் போகாம இருந்திருந்தா அந்தப் புள்ளைக்குக் காது இருந்திருக்கும்னு நெனச்சேன். ரெண்டு மாசமா அதைத்தான் நெனச்சிட்டு இருக்கேன்."

பிறகு போனை எடுத்துத் திறந்து எங்களிடம் நீட்டினார். ஜாஸ்பர் கடைசியாகக் கூப்பிட்ட எண் ரெக்சன் அண்ணனுடையது. பதினொன்று ஐம்பத்திரண்டு. யாரும் எடுக்கவில்லை.

எனக்கு உடனே விளங்கியது. ஒப்புதல் விழுந்ததும் சர்வர் ஒரு மெயில் அனுப்பியிருக்கும். தன்னிடம் கேட்காமலே தன் பெயரில் ஒன்று போயிருக்கிறது என்று அந்த மங்கிய கண்ணால் எப்படியோ வாசித்திருக்கிறார். தட்டுத் தடுமாறி எண்ணைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறார்.

"டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றார் ரெக்சன் அண்ணன். "பேரு இருக்கான்னு கேக்கத்தான் கூப்பிடுதான், பைய பேசிக்கிடலாம்னு விட்டுட்டேன். மூணு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டேன். அதுக்குள்ள அவனுக்கு நெனவு இல்ல." அப்போதுதான் அவர் அழுதார். அவர் அழுவதை எலிசபெத் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் இரக்கம் துளிகூட இல்லை. எனக்கும் வரவில்லை.

"கூட்டத்துல முதல் வரிசையில உக்காந்து இப்படித்தான் அழுதீங்க" என்றார் எலிசபெத். "நான் அந்தப் புள்ளை வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன், அண்ணே. எங்க வீட்டுக்காரங்க செஞ்சதுக்கு மன்னிச்சிருங்கன்னு அந்தம்மா கால்ல விழுந்தேன். அவங்களுக்காக நான் விழுந்தேன். போங்க. இனி இங்கன வராதீங்க."

அன்று மத்தியானமே ரெக்சன் அண்ணன் நடந்ததை நடந்தபடி எழுதி, வைத்தியலிங்கம் அண்ணாச்சிக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார். எலிசபெத்துக்கு ஒரு நகல். அண்ணாச்சி போனில் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மறுநாள் காலை எனக்கு உத்தரவு வந்தது: ரெக்சனை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். பதினெட்டுக் குழு. ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்தேன்.

அன்று சாயங்காலம் ரெக்சன் அண்ணன் கேட்டார் என்று அவரை மேலப்பாளையத்துக்கு அழைத்துப் போனேன். ஒடுக்கமான தெரு, வாசலில் பச்சைத் திரை. ஸமீஹாவின் அம்மா மைதீன் பாத்திமா திரைக்குப் பக்கத்தில் நின்றார். கணவர் சவூதியில் இருக்கிறாராம். பிள்ளை முற்றத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு லோடு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. பிள்ளை திரும்பவில்லை.

ரெக்சன் அண்ணன் சொல்லி முடித்தார். கடைசியில் கையைக் கூப்பி, "மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

மைதீன் பாத்திமா பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அந்த டீச்சரம்மா வந்து என் காலைப் பிடிச்சு அழுதாங்க. மௌத்தாப் போன மனுஷன், நோயோட கெடந்தவரு, கை தவறிட்டுன்னு சொன்னாங்க. மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல. என் புள்ளையைப் பாக்கேன், அவங்க அழுததை நெனைக்கேன். நாலாம் நாள் தொழுதுட்டு எழுந்திருச்சு, நானே போன் போட்டு, மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ரெக்சன் அண்ணன் கூப்பிய கையை இறக்கினார்.

"எங்கிட்ட இருந்தது அவ்வளவுதான். அதை ஒருக்க குடுத்துட்டேன். இன்னொருக்க குடுக்க எங்கிட்ட இல்ல" என்றார். திரையை இழுத்துவிட்டுப் பிள்ளையிடம் போனார். முன்னால் போய் நின்று, தோளைத் தொட்டு, கையால் 'உள்ளே வா' என்று காட்டினார்.

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தில் நெரிசல். ஸ்கூட்டர் நகரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ரெக்சன் அண்ணன் பைய என் தோள் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஃபெமினா, என் பேரை எடுத்துட்டியா?"

ஜாஸ்பர் கேட்ட அதே கேள்வி. அன்று அதற்கு ஒரு நல்ல பதில் சொன்னதால்தான் இவ்வளவும் வந்தது.

"எடுத்துட்டேன், அண்ணே. காலையிலயே" என்றேன்.

"சரி" என்றார். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது, நானும் வண்டியை எடுத்தேன்.